மதுரையில் பறவைக் கணக்கெடுப்புக்கு முதல்முறை போகிறீர்களா? பெயர் கொடுப்பதிலிருந்து காய்ச்சல் வரை தெரிந்துகொள்ள வேண்டியவை

வனத்துறை வருஷா வருஷம் நடத்தும் பறவைக் கணக்கெடுப்பில் ஒழுங்காகக் கலந்துகொள்ள எனக்கு நான்கு வருஷம் ஆனது. முதல் வருஷம் அறிவிப்பைப் பார்த்ததே முந்தைய நாள் சாயங்காலம்தான், பெயர் கொடுக்கும் நாள் முடிந்திருந்தது. அடுத்த வருஷம் படிவத்தை நேரத்துக்கு நிரப்பினேன், ஆனால் வாட்ஸ்அப் இல்லாத எண்ணைக் கொடுத்துவிட்டேன். எந்தக் கண்மாய், எத்தனை மணிக்கு, யார் கூட்டிப்போவார் என்பதெல்லாம் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்திருக்கிறது, எனக்கு எதுவும் வரவில்லை. மூன்றாம் வருஷம் போய், மூன்று மணி நேரம் நின்று எண்ணி, எழுதிய தாளைப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். திங்கட்கிழமை கொடுக்கப் போனபோது கணக்கு மேலே போய்விட்டது என்றார்கள். அந்தக் கண்மாயில் அன்றைக்கு இருந்த பறவைகள் எந்தக் கணக்கிலும் இல்லை. எனக்கு இன்றைக்கும் அது ஆறவில்லை.

உங்களுக்கு அப்படி ஆகக்கூடாது என்றுதான் வரிசையாக எழுதுகிறேன். பறவை நிபுணராக இருக்க வேண்டியதில்லை, இருபது பறவை தெரிந்து, பார்த்ததை மட்டும் எழுதும் ஒழுங்கு இருந்தால் போதும்.

1. அறிவிப்பு எப்போது வரும், எங்கே பார்ப்பது

தமிழ்நாடு முழுக்க ஒரே நேரத்தில் நடப்பதால் இதற்கு ஒருங்கிணைந்த பறவைகள் கணக்கெடுப்பு என்று பெயர். இரண்டு கட்டமாக நடக்கும். ஒன்று ஈரநிலப் பறவைகள், அதாவது கண்மாய், ஏரி, அணை. இன்னொன்று நிலப்பறவைகள், அதாவது காடு, குன்று, வயல், தோப்பு. இரண்டும் சனி, ஞாயிறாகத்தான் வரும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. போன வருஷத் தேதியை நம்பிக் காத்திருக்காதீர்கள். 2023ல் ஈரநிலக் கணக்கெடுப்பு ஜனவரி 28, 29ல் நடந்தது, 2025ல் அதுவே மார்ச் 8, 9க்குப் போய், நிலப்பறவைகள் மார்ச் 15, 16ல் வந்தன. டிசம்பர் தொடங்கியதுமே கவனிக்க ஆரம்பியுங்கள். நாளிதழ்களின் மதுரைப் பக்கத்தில் மாவட்ட வன அலுவலர் பெயரில் சின்னச் செய்தியாக வரும், கண்ணில் படாமல் போக வாய்ப்பு அதிகம். கல்லூரி விலங்கியல் துறைகளுக்குத் தனியாகத் தகவல் போகும், அங்கே படிக்கும் பிள்ளை யாராவது தெரிந்தால் சொல்லி வையுங்கள். எல்லாவற்றையும்விட நம்பகமான வழி, டிசம்பரில் ஒரு வேலைநாள் காலையில் வனத்துறை அலுவலகத்துக்கு நேரில் போய் "கணக்கெடுப்புக்கு ஆள் எடுக்கும்போது சொல்லுங்கள்" என்று பெயரும் எண்ணும் எழுதிக் கொடுத்துவிட்டு வருவது. நான்காம் வருஷம் எனக்கு வேலை செய்தது இதுதான்.

அறிவிப்பு வந்த பிறகு யோசித்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது. ஒரு அணிக்கு நாலைந்து பேர்தான், சீக்கிரம் நிரம்பிவிடும்.

2. பெயர் கொடுக்கும்போது என்ன கேட்பார்கள்

பெரும்பாலும் ஒரு கூகுள் படிவம், இல்லையென்றால் ஒரு எண்ணுக்கு வாட்ஸ்அப் செய்தி. எங்களிடம் கேட்டவை: பெயர், வயது, முகவரி, என்ன வேலை, முன்பு கலந்துகொண்டது உண்டா, எந்தப் பகுதி வசதி, அவசரத்துக்குக் கூப்பிட வீட்டார் எண். இவற்றோடு அடையாள அட்டை நகல். ஆதாரோ வாக்காளர் அட்டையோ போதும், அதைப் படமெடுத்து முன்கூட்டியே கைபேசியில் வைத்திருங்கள். மாணவர்கள் கல்லூரி அடையாள அட்டையும் துறைத்தலைவர் கையெழுத்திட்ட கடிதமும் வைத்துக்கொள்வது நல்லது. 18 வயது ஆகாதவர்கள் என்றால் பெற்றோர் ஒப்புதல் கடிதம் இல்லாமல் போகாதீர்கள்.

வாட்ஸ்அப் உள்ள எண்ணையே கொடுங்கள். நான் பட்டது போதும்.

"முன் அனுபவம் உண்டா" என்ற இடத்தில் இல்லையென்றால் இல்லை என்றே எழுதுங்கள். இதைச் சொன்னால் சேர்க்க மாட்டார்களோ என்று பயந்து உண்டு என்று போட்டுவிடுகிறார்கள். அப்புறம் அனுபவம் உள்ளவர் என்று நம்பி ஒரு கண்மாய்க்கு உங்களையே தலைவராகப் போட்டுவிடுவார்கள், அன்றைக்கு நீங்கள்தான் தவிப்பீர்கள். இல்லை என்று எழுதினால் தெரிந்த ஒருவரோடு சேர்த்து அனுப்புவார்கள், கற்றுக்கொள்ள அதைவிட நல்ல வழி கிடையாது.

3. செலவு

கட்டணம் கிடையாது. யாராவது பதிவுக் கட்டணம் என்று பணம் கேட்டால் வன அலுவலகத்தில் விசாரிக்காமல் கொடுக்காதீர்கள். சம்பளமோ பயணப்படியோ இதில் இருக்காது, காலைச் சாப்பாடு சில இடங்களில் கொடுப்பார்கள், சில இடங்களில் இல்லை.

உண்மையான செலவு போக்குவரத்துதான். விடியும் முன் கரையில் நிற்க வேண்டும், அந்த நேரத்துக்கு ஊருக்குள் போகும் டவுன் பஸ் பல கண்மாய்களுக்குக் கிடையாது. பெண்களுக்குச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் காசில்லை என்றாலும் முதல் பஸ்ஸே ஆறு மணிக்குத்தான் என்றால் என்ன செய்வது? குழு தொடங்கியதும் உங்கள் பகுதியிலிருந்து பைக்கில் வருபவர் யார் என்று கேட்டு, பெட்ரோலுக்குப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள்.

இருநோக்கி, அதுதான் பைனாகுலர், முதல் வருஷம் வாங்காதீர்கள். 8x42 அளவில் சுமாரான ஒன்றே பல ஆயிரம் ரூபாய் ஆகும். அணியில் ஒருவரிடமாவது இருக்கும், மாற்றி மாற்றிப் பார்க்கலாம். சந்தையில் 500 ரூபாய்க்கு விற்கும் பொம்மை இருநோக்கியை வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம், அதற்கு வெறும் கண்ணே மேல்.

4. ஒரு மாதம் முன்பே செய்ய வேண்டியது

வீட்டுக்குப் பக்கத்துக் கண்மாய்க்கு நாலு ஞாயிறு காலை போய்வாருங்கள். வண்டியூர், மாடக்குளம், சாமநத்தம், குன்னத்தூர் என்று எது பக்கமோ அது. கரையில் நின்று பறவை பார்க்க யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. ஆனால் மீன்பாசி குத்தகை எடுத்தவர்கள் இருந்தால் முதலில் அவர்களிடம் போய் "பறவை பார்க்க வந்தேன் அண்ணே" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். விடியக்காலையில் முகம் தெரியாத ஆள் கரையில் நின்றால் மீன் திருட வந்தவன் என்றுதான் நினைப்பார்கள். சொல்லிவிட்டால், எந்தப் பக்கம் கூழைக்கடா இறங்கும், எந்தக் கருவேல மரத்தில் நீர்க்காகம் அடையும் என்று அவர்களே காட்டுவார்கள்.

முதலில் தெரிந்திருக்க வேண்டியவை நம் கண்மாய்களில் அடிக்கடி பார்க்கிறவைதான்: நாமக்கோழி, முக்குளிப்பான், தாழைக்கோழி, நீலத் தாழைக்கோழி, புள்ளிமூக்கு வாத்து, மடையான், நத்தைக்குத்தி நாரை, மஞ்சள் மூக்கு நாரை, அரிவாள்மூக்கன், கூழைக்கடா, பாம்புத்தாரா, நெடுங்கால் உள்ளான், ஆள்காட்டி, மீன்கொத்திகள்.

வெள்ளைக் கொக்குகளில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். இப்படி வைத்துக்கொள்ளுங்கள். கருப்பு அலகு, கருப்புக் கால், பாதம் மட்டும் மஞ்சள் என்றால் சின்னக் கொக்கு. அலகு மஞ்சளாகக் குட்டையாக, மாட்டோடும் வயலிலும் திரிந்தால் உண்ணிக்கொக்கு. உயரமாக, கழுத்து நீளமாக இருப்பவற்றில் வாய்க்கோட்டைப் பாருங்கள், அது கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெரிய கொக்கு, கண்ணுக்குக் கீழேயே நின்றுவிட்டால் நடுத்தரக் கொக்கு. தூரத்தில் இருந்து எதுவும் தெரியவில்லையா, "வெள்ளைக் கொக்கு, வகை தெரியவில்லை, 12" என்று எழுதுங்கள். அது முழுக்கச் சரியான பதிவு.

கைபேசியில் இபேர்ட் (பார்த்த பறவைகளைப் பதியும் செயலி), மெர்லின் (பறவையை அடையாளம் காண உதவும் செயலி) இரண்டும் இலவசம். மெர்லின் சத்தத்தைக் கேட்டுப் பெயர் சொல்லும், ஆனால் அது சொல்வதை அப்படியே பட்டியலில் ஏற்றாதீர்கள், சொன்ன பறவையைக் கண்ணால் தேடிப் பாருங்கள். பொங்கல் விடுமுறையில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு என்று பறவை ஆர்வலர்கள் நடத்துகிறார்கள், யார் வேண்டுமானாலும் வீட்டு மாடியிலிருந்தே 15 நிமிஷம் பார்த்துப் பதிவிடலாம். பழகிக்கொள்ள அருமையான வாய்ப்பு. ஒரு நாள் ஒழிந்தால் சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்துக்கும் போய்வாருங்கள், பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடாமல் இருக்கும் ஊர்க்காரர்களின் கண்மாய் அது.

5. முந்தைய ராத்திரி

இபேர்ட்டில் உங்கள் பகுதிக்கான பறவைப் பட்டியல் தொகுப்பை வீட்டிலேயே இறக்கி வைத்துவிடுங்கள், கரையில் சிக்னல் இருக்காது. கைபேசிக்கு முழு சார்ஜ். பென்சில் இரண்டு, பனியில் பேனா எழுதாது. தண்ணீர், பிஸ்கட், தொப்பி. உடை மங்கலான பச்சை, காக்கி, பழுப்பு என்று இருக்கட்டும், வெள்ளையும் சிவப்பும் வேண்டாம். முழுக்கால் சட்டை, காலுறை, மூடிய காலணி கட்டாயம், செருப்போடு வராதீர்கள். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். வாசனைத் திரவியம் வேண்டாம், தேனீ இருக்கும் குன்றுப் பக்கம் போனால் ஆபத்து.

6. கரையில் நின்று எண்ணுவது

சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கருப்பாகத்தான் தெரியும்.

ஆளுக்கு ஒரு வேலை பிரித்துக்கொள்ளுங்கள்: ஒருவர் எண்ண, ஒருவர் எழுத, ஒருவர் மேலே பறப்பதைக் கவனிக்க. எண்ணுபவர் இடதிலிருந்து வலதாக ஒரே திசையில் போக வேண்டும். திரும்பி வரக்கூடாது, வந்தால் ஒரே பறவை இரண்டு தடவை கணக்கில் ஏறும்.

நாமக்கோழி ஐந்நூறு அறுநூறு என்று மிதக்கும்போது ஒவ்வொன்றாக எண்ண முடியாது. முதலில் பத்தை எண்ணுங்கள், அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொண்டு, அதே அளவாகக் கூட்டத்தின் மேல் பத்துப் பத்தாக அளந்துகொண்டே போங்கள். இன்னொருவர் தனியாக அதையே செய்யட்டும், இரண்டு எண்ணும் ரொம்ப விலகினால் திரும்ப எண்ணுங்கள். தாளில் "நிறைய", "கூட்டமாக" என்று எழுதினால் அது யாருக்கும் பயன்படாது, 450 என்று எழுதுங்கள். நடுவில் பருந்து வந்து எல்லாம் கலைந்து பறந்துவிட்டால் பத்து நிமிஷம் பொறுத்து அந்த இனத்தை முதலிலிருந்து எண்ணுங்கள், பாதியில் விட்ட இடத்திலிருந்து தொடராதீர்கள்.

தொடங்கிய நேரம், முடித்த நேரம், எத்தனை பேர், நீர் எவ்வளவு, ஆகாயத்தாமரை மூடியிருக்கிறதா, குப்பை கொட்டுகிறார்களா, இதெல்லாம் தாளில் ஒரு ஓரத்தில் கேட்டிருப்பார்கள். பறவையில் மும்முரமாகி இதை விட்டுவிடுகிறார்கள். பறவை ஏன் குறைந்தது என்று பின்னால் பார்ப்பவருக்கு இந்த ஓரம்தான் பதில் சொல்லும்.

கண்மாய் வறண்டு ஒரு பறவைகூட இல்லையா? பூஜ்யம் என்று எழுதிக் கொடுங்கள். ஏமாற்றத்தில் தாளைக் கொடுக்காமலே போனவர்களைப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் இல்லாமல் பறவை வரவில்லை என்பதும் அரசுக்குப் போய்ச் சேர வேண்டிய செய்திதான். எதிரே எதுவும் இல்லை என்பதற்காகப் போன வருஷம் பார்த்ததை எழுதுவது மட்டும் கூடவே கூடாது.

இந்தத் தாள்கள் எங்கே போகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டியைத்தான் காட்டுவேன். 193.42 ஹெக்டேர் 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் ஆனது. லகர் வல்லூறு, ஷாகின் வல்லூறு, ராசாளி ஆகிய வேட்டைப் பறவைகள் அங்கே இருக்கின்றன என்று யாரோ பொறுமையாகப் பார்த்துப் பதிந்து வைத்திருந்ததும் அதற்கு ஒரு காரணம். அப்புறம் அந்தப் பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை 2025 ஜனவரியில் மத்திய அரசு ரத்து செய்தது. மக்கள் போராடினார்கள், அந்தப் போராட்டத்தின் கையில் இந்தப் பதிவும் இருந்தது.

7. செத்த பறவையைப் பார்த்தால்

இதைப் பற்றிக் கணக்கெடுப்புக்கு முன் கொடுக்கும் பயிற்சியில் இரண்டு நிமிஷம்தான் சொல்வார்கள், அதனால் நான் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பறவைகளைக் கண்காணிப்பதில் நோயைக் கண்காணிப்பதும் அடக்கம். பறவைக் காய்ச்சல் நீர்ப்பறவைகளிடமிருந்து வீட்டுக்கோழிக்கு வரக்கூடியது, சில வாத்து வகைகள் நோயின் அறிகுறியே காட்டாமல் கிருமியைச் சுமந்து திரியும். முதலில் கண்ணில் படுவது கரையில் செத்துக் கிடக்கும் நாலு பறவைதான்.

தொடாதீர்கள். குச்சியால் புரட்டவும் வேண்டாம். நாலடி தள்ளி நின்று படம் எடுங்கள், எந்த இனம், எத்தனை, மணி என்ன என்று குறித்துக்கொள்ளுங்கள், கைபேசி வரைபடத்தில் அந்த இடத்தைச் சேமியுங்கள். உயிரோடு இருப்பவை தலை சாய்த்து, நிற்க முடியாமல், பறக்காமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். நாயையும் பிள்ளைகளையும் அண்டவிடாதீர்கள். உடனே உங்களோடு வந்திருக்கும் வனத்துறை ஊழியரிடம் சொல்லுங்கள், அவர் இல்லாத நாளில் வனச்சரக அலுவலகத்துக்கும் பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்கும் சொல்லுங்கள். ஒன்று செத்தால் அது இயற்கையாக இருக்கலாம், ஒரே இடத்தில் பல என்றால் அன்றே சொல்லியாக வேண்டும், அழுகிய பிறகு மாதிரி எடுத்துப் பயனில்லை. பறவைக் காய்ச்சல் சந்தேகம் என்றால் மாதிரி போபாலில் உள்ள தேசிய ஆய்வகத்துக்குப் போகும், முடிவு வர நாளாகும், அதற்குள் ஊரில் வதந்தி கிளப்ப வேண்டாம். நீங்கள் எடுத்த படத்தை ஊர்க் குழுக்களில் போடாதீர்கள், அதைப் பார்த்துக் கோழி வளர்ப்பவர்கள் பிழைப்பு கெட்டுவிடும்.

நம் பக்கம் அதிகம் நடப்பது மயில் சாவு. வயலோரம் ஆறேழு மயில் சேர்ந்து கிடந்தால் பெரும்பாலும் விஷம் கலந்த தானியம்தான். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் மயில் உச்சப் பாதுகாப்பு உள்ள முதல் அட்டவணையில் இருக்கிறது. பாவம் என்று நீங்களே குழி தோண்டிப் புதைத்தால் சாட்சியத்தை அழித்ததாகிவிடும். அரசுக் கால்நடை மருத்துவர் வந்து பிரேதப் பரிசோதனை செய்ய வேண்டும், அதுவரை சுற்றிக் கிடக்கும் தானியத்தையும் யாரும் கூட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆடு மாடு நோய்ப்பட்டுக் கிடந்தால் 1962ஐக் கூப்பிடலாம், கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.

அதேபோல், ஒரு தெருவில் பல வீடுகளில் ஒரே வாரத்தில் காய்ச்சல் என்று கண்மாய்க்குப் போன ஊரில் கேள்விப்பட்டால் கிராம சுகாதார செவிலியரிடமோ 104லோ சொல்லுங்கள். நீங்கள் டாக்டர் இல்லைதான், என்ன நோய் என்று சொல்லச் சொல்லி யாரும் கேட்கப்போவதில்லை, இடமும் எண்ணிக்கையும் சொன்னால் போதும்.

8. தாளைக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்

கரையிலேயே எண்ணிக்கையைக் கூட்டி, கையெழுத்துப் போட்டு, வனத்துறை ஊழியரிடம் அங்கேயே கொடுங்கள். கொடுக்கும் முன் இரண்டு பக்கமும் படமெடுத்துக்கொள்ளுங்கள். இபேர்ட்டில் போட்டிருந்தால் அன்று சாயங்காலத்துக்குள் சமர்ப்பித்து, வாட்ஸ்அப் குழுவில் சொல்லும் இபேர்ட் கணக்குக்குப் பகிருங்கள். "அடையாளம் கண்ட எல்லாப் பறவையையும் பதிந்தீர்களா" என்று கேட்கும் இடத்தில், காக்கையையும் மைனாவையும் விட்டிருந்தால் ஆம் என்று போடாதீர்கள். சான்றிதழ் வர மாதக்கணக்கில் ஆகலாம், பெயர் எழுத்துப்பிழை இல்லாமல் வேண்டும் என்றால் படிவத்திலேயே கவனம்.

9. திரும்பி வந்த பிறகு உங்கள் உடம்பு

காலுறையைப் பற்றி மேலே சொன்னேன் அல்லவா. முதல் காரணம் பாம்பு. கடித்துவிட்டால் கட்டுப் போடவோ கீறவோ வேண்டாம், கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து 108ஐக் கூப்பிடுங்கள், விஷமுறிவு மருந்து நம் பெரியாஸ்பத்திரியில் இருக்கிறது. 2024 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் பாம்புக்கடியை மருத்துவமனைகள் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும், ஆகவே சின்னக் கடி என்று மறைக்காமல் பதிவாகும்படி செய்யுங்கள்.

இரண்டாவது காரணம் கண்ணுக்கே தெரியாத சின்ன உண்ணிகள். புதரில் இருக்கும், கடித்தால் ஸ்க்ரப் டைபஸ் என்ற காய்ச்சல் வரும், அதுவும் உடனே வராது, ஒன்று இரண்டு வாரம் கழித்து வரும். வீட்டுக்கு வந்ததும் உடுப்பை வெந்நீரில் போட்டு, சோப்புத் தேய்த்துக் குளித்துவிடுங்கள். அக்குள், இடுப்பு, தொடையிடுக்கில் சிகரெட் சுட்டதுபோல் கருப்பாகப் பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள், அது வலிக்காது என்பதால் பலர் கவனிப்பதில்லை. சீக்கிரம் கண்டுபிடித்தால் சாதாரண மாத்திரையிலேயே குணமாகும், தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து. காய்ச்சல் என்று டாக்டரிடம் போகும்போது அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள், எந்த ஊர்ப் புதருக்குள் எந்தத் தேதி நடந்தீர்கள் என்று. தேதி மறந்துபோனால், கைபேசியில் படமெடுத்து வைத்த தாளின் தலைப்பில் இருக்கும்.